களப்பும் கலப்பும்



நம் மாவட்டத்தின் பெயரிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்கலாம். மட்டக்களப்பு என்பதை எழுதும்போது சிறுவர் சிலர் 'மட்டக்கலப்பு' என்று எழுதிவிடுவதுண்டு. களப்பு என்பது கடலை அடுத்துக் கிடக்கும் ஆழங்குறைந்த உவர்நீர்ப் பரப்பு. மட்டமான களப்பு மட்டக்களப்பு என்று பொதுவாகப் பொருள் கூறுவர். கலப்பு என்பதோ ஒன்றோடொன்று சேர்தல். பாலில் நீரைச் சேர்த்தால் அது கலப்பு. ஓர் எழுத்து மாறிய மாத்திரத்தில் 56 கிலோமீற்றர் நீளமுள்ள வாவி மறைந்துபோகிறது. பால்காரரின் செம்பு மட்டுமே மிஞ்சுகிறது!

இவ்வாறு ஒலியால் நெருங்கியும் பொருளால் விலகியும் நிற்கும் சொற்களை மயங்கொலிச் சொற்கள் என்பர். தமிழிலே இம் மயக்கத்தை விளைவிக்கும் எழுத்துக்கள் எட்டு. லகர, ளகர, ழகரங்கள் ஒரு குடும்பம். ரகர, றகரங்கள் இன்னொரு குடும்பம். நகர, னகர, ணகரங்கள் மூன்றாவது குடும்பம். இவற்றைப் பற்றி வானொலியிலே பேசுவது சற்றுத் துணிவான செயல்தான். வகுப்பறையில் கரும்பலகை உண்டு, எழுதிக் காட்டலாம். இங்கே என் நாவும் உங்கள் செவியுமே கருவிகள். எனினும், மயக்கம் பிறந்த இடம் ஒலிதான். ஆகவே செவியிலிருந்து தொடங்குவதில் தவறில்லை.

'ஓர் எழுத்துத்தானே, பொருள் விளங்கினாற் போதாதா?' என்று கேட்பாருண்டு. நம் பெயர்கள் எழுதப்படும் இடங்களை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ளகரமாகவும், பாடசாலைப் பதிவேட்டில் ழகரமாகவும், அடையாள அட்டையில் லகரமாகவும் ஒருவர் பெயர் இருக்குமானால், மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கச் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டிவரும். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபோது, உயிர்களோடும் வீடுகளோடும் ஆவணங்களும் அள்ளுண்டு போயின. அத்தகைய வேளையில் தன் பெயரையும் தந்தை பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுத்துப் பிசகாது சொல்லத் தெரிந்திருத்தல் ஒருவருக்கு எத்துணைப் பெரிய துணை! 1987 ஆம் ஆண்டில் அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட 13 ஆம் திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரச கரும மொழியாக்கியது. பொது இடங்களின் பெயர்ப் பலகைகளிலே தமிழ் பிழைபட்டிருக்கக் கண்டால் நாம் மனம் நோகிறோம். நோவது நியாயமே. ஆனால், திருத்தமான வடிவத்தை எடுத்துச் சொல்லக்கூடியவர் நம்முள் இருந்தால்தானே அந்த நோவுக்குப் பயன் உண்டு?

இனி, இம் மயக்கம் ஏன் உண்டாகிறது என்பதைப் பார்ப்போம். அது பிள்ளைகளின் சோம்பலால் வருவதன்று. அன்றாடப் பேச்சிலே சில ஒலிகள் ஒன்றாகிவிட்டன. எழுத்திலோ அவை தனித்தனியே நிற்கின்றன. இலங்கைத் தமிழரின் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கும். மழை 'மளை' ஆகும். பழம் 'பளம்' ஆகும். பேச்சில் 'மளை' என்றே கேட்டு வளர்ந்த பிள்ளை எழுத்திலும் அவ்வாறே எழுதினால், செவி கேட்டதைக் கை எழுதிற்று என்பதே உண்மை. அப் பிள்ளையைப் பார்த்து நகைப்பதற்கு ஒன்றுமில்லை.

நம் பேச்சு வழக்கு இழிந்ததோ என்று எண்ணவும் வேண்டா. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலெபில் 1966 ஆம் ஆண்டில் இலங்கைத் தமிழைப் பற்றி எழுதியபோது, பேச்சு வழக்குகளுள் இலக்கியத் தமிழுக்கு மிக அணித்தாக நிற்பது மட்டக்களப்புத் தமிழே என்று கருத்துரைத்தார். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலும் இப்பகுதியின் பழஞ்சொல் வளத்தை எடுத்துக் காட்டியது.

இன்னொரு சிறப்பும் நமக்குண்டு. பற்று என்னும் சொல்லையும் பத்து என்னும் சொல்லையும் நாம் வேறுபடுத்தி ஒலிக்கிறோம். தமிழகத்தில் அன்றாடப் பேச்சிலே பலர்க்கு இவ்விரண்டும் ஒன்றுபோல் ஆகிவிட்டன. இலங்கையில் இரட்டித்த றகரம் தனக்குரிய ஒலியோடு இன்றும் வாழ்கிறது. அதனாலேதான் நாம் கிலோமீற்றர் என்று எழுதுகிறோம். அவர்கள் கிலோமீட்டர் என்று எழுதுகிறார்கள். ஏறாவூர்ப்பற்று, கோறளைப்பற்று, போரதீவுப்பற்று என்று நம் பிரிவுகளின் பெயர்களிலே அந்தப் பற்று நாள்தோறும் ஒலிக்கிறது. கோறளையில் வல்லின றகரமும், போரதீவில் இடையின ரகரமும் இருப்பதைக் கவனியுங்கள்.

ஒலிகள் ஒன்றாகிப் போவது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஸ்பானிய மொழியிலே வணக்கம் கூறும் சொல்லும் 'ஓலா'. கடல் அலையும் 'ஓலா'. எழுதும்போது முன்னதற்கு ஒலியில்லாத எழுத்து ஒன்று கூடுதலாக நிற்கும், அவ்வளவே வேறுபாடு. மணம் செய்தலைக் குறிக்கும் சொல்லும் வேட்டையாடுதலைக் குறிக்கும் சொல்லும் தென்னமெரிக்க மக்களின் வாயில் ஒன்றாகவே 'கசார்' என ஒலிக்கின்றன. ஸ்பெயின் நாட்டின் வடபாகத்தாரும் நடுப்பாகத்தாரும் அவ்விரண்டையும் வேறு வேறாக ஒலிப்பர். கலியாணமும் வேட்டையும் ஒன்றுதான் என்று நகைப்போரும் நம் நேயர்களுள் இருக்கலாம்! தென்னமெரிக்கப் பிள்ளைகள் ஒலியால் அறிய முடியாததைச் சொல்லின் பொருளாலும் இனத்தாலும் அறிந்து எழுதப் பழகுகிறார்கள். நாமும் அவ்வாறு பழகலாம்.

முதலில் நாவின் தொழிலை அறிவோம். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் பிறப்பியலில் இவ்வொலிகள் பிறக்கும் இடத்தை நுட்பமாக வகுத்துள்ளார். நுனிநாப் பரந்து மேற்பல்லின் அடியைத் தொட்டால் தகரமும் நகரமும் பிறக்கும். நுனிநா மேலே எழுந்து அண்ணத்தை ஒற்றினால் றகரமும் னகரமும் பிறக்கும். நுனிநா அண்ணத்தின் நுனியைப் பொருந்தினால் டகரமும் ணகரமும் பிறக்கும். நா அண்ணத்தை வருடினால் ரகரமும் ழகரமும் தோன்றும். நாவின் விளிம்பு தடித்துப் பல்லடியைச் சார, அண்ணத்தை ஒற்றினால் லகரமும் வருடினால் ளகரமும் வரும். ஒற்றுதல் என்றால் தொட்டு நிற்றல். வருடுதல் என்றால் தடவிச் செல்லுதல். அண்ணம் என்று மூன்று சுழியோடு எழுதினால் மேல்வாய். அன்னம் என்று இரண்டு சுழியோடு எழுதினால் சோறு, அல்லது பறவை. மேல்வாய்க்கும் சோற்றுக்கும் உறவுண்டு; எனினும் எழுத்து வேறு.

மூன்று நகரங்களை அறிவதற்கு நம் முன்னோர் எளிய வழியொன்றைப் பெயரிலேயே வைத்துச் சென்றிருக்கின்றனர். டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பாடசாலையில் கேட்டிருப்பீர்கள். டகரத்துக்கு முன் வருவது டண்ணகரம். தகரத்துக்கு முன் வருவது தந்நகரம். றகரத்துக்கு முன் வருவது றன்னகரம். நண்டு, பந்து, நன்று என்பவற்றைச் சொல்லிப் பாருங்கள். இம் மூன்று சோடிகளும் பிரிவதில்லை. பேச்சிலே நாம் மூன்றை 'மூண்டு' என்போம்; கன்றைக் 'கண்டு' என்போம்; பன்றியைப் 'பண்டி' என்போம். ஆகவே, 'கன்றைக் கண்டேன்' என்பதை எழுதச் சொன்னால் இரண்டிடத்தும் டகரம் இட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. பார்த்தது கண்டு, பசுவின் பிள்ளை கன்று. இந்த ஒரு வசனத்தைப் பத்து நாள் சொல்லிப் பழகினால் மயக்கம் தெளியும்.

அடுத்து, ஒரு சொல்லை மற்றோர் எழுத்தோடு சேர்த்துச் சோதிக்கும் வழியைச் சொல்கிறேன். பொற்கொல்லர் பொன்னை உரைத்துப் பார்ப்பதுபோல இதுவும் ஓர் உரைகல். கல் என்பதைப் பன்மையாக்குங்கள்: கற்கள். சொல், சொற்கள். பல், பற்கள். லகரம் றகரமாயிற்று. முள் என்பதைப் பன்மையாக்குங்கள்: முட்கள். நாள், நாட்கள். ளகரம் டகரமாயிற்று. வாழ் என்பதோடு சேர்த்தால் வாழ்க்கை. யாழ் என்பதோடு சேர்த்தால் யாழ்ப்பாணம். ழகரம் மாறாது நிற்கிறது. விரல்கள், குரல்கள் என மாறாமல் நிற்கும் சொற்களும் உண்டு. ஆனால், மாறுமிடத்து லகரம் றகரமாகவும் ளகரம் டகரமாகவுமே மாறும்.

இதே உரைகல் நகரங்களுக்கும் உதவும். நல் என்பதிலிருந்து நன்மை. மெல் என்பதிலிருந்து மென்மை. லகரம் இருந்த இடத்தில் இரண்டு சுழி னகரம் வந்தது. வெள் என்பதிலிருந்து வெண்மை. கேள் என்பதிலிருந்து கேண்மை. ஆள் என்பதிலிருந்து ஆண்மை. ளகரம் இருந்த இடத்தில் மூன்று சுழி ணகரம் வந்தது. இப்பொழுது வேளாண்மை என்னும் சொல்லைப் பாருங்கள். நம் பகுதியில் வயலில் நிற்கும் நெற்பயிரையே வேளாண்மை என்போம். அதனை 'வேலான்மை' என்று எழுதுவோர் வேளாளர் என்னும் சொல்லை நினைத்தாற் போதும். அங்கே ஆள் என்பது வெளிப்பட நிற்கிறது; ஆகவே ஆண்மை, ஆகவே வேளாண்மை.

ரகர, றகரங்களுக்கும் ஓர் உரைகல் உண்டு. ஆறு, ஆற்றில், சேறு, சேற்றில், கயிறு, கயிற்றில், கிணறு, கிணற்றில். இவ்வாறு இரட்டிப்பது வல்லின றகரம். ஊர் என்பது ஊரில் ஆகும். வேர் என்பது வேரில் ஆகும். இடையின ரகரம் இரட்டிப்பதில்லை. மாரி என்பது மழைக்காலம். மாறி என்பது வேறுபட்டு. பின்னதற்கு மாற்றம் என்னும் உறவுச்சொல் இருப்பதே அதன் றகரத்துக்குச் சான்று. மாரி மாறிப் பெய்தால் விதைப்பும் மாறும் என்பதை நம் விவசாயிகள் நன்கறிவர்.

இவ்வளவும் கூறியபின், நான் சொல்ல விரும்பும் முதன்மையான கருத்துக்கு வருகிறேன். இச் சொற்களை இரட்டை இரட்டையாகப் பட்டியலிட்டு மனனம் செய்விப்பதே பல இடங்களில் வழக்கம். வலை, வளை, கரை, கறை, விலை, விளை என்று ஒரே மூச்சில் ஒப்புவிக்கும் பிள்ளை, பரீட்சைத் தாளைக் கண்டதும் எது எதுவென்று திகைக்கிறது. ஒத்த முகமுடைய இரு பிள்ளைகளை ஒரே நாளில் ஒரே வாசலில் சந்தித்தவர்க்குப் பெயர் மாறிப்போவது இயல்பே. ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டில், அவரவர் உறவினர் நடுவே கண்டவர்க்கு மாறாது. சொல்லையும் அவ்வாறே அதன் வீட்டில் காண வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அந்த வீடுகள் தொலைவில் இல்லை. ஒன்று வயல், மற்றொன்று வாவி.

வயலுக்குச் செல்வோம். உழவு என்பது உழுதல், உழவர், உழவு மாடு என்னும் சுற்றத்தோடு வாழ்கிறது. உளவு என்பது உள் என்னும் சொல்லின் உறவு; உள்ளே மறைந்ததை அறிதல் உளவு. உலவுதல் உலாவின் உறவு. போடியார் வரம்பிலே உலவுகிறார். வட்டையிலே உழவு நடக்கிறது. உளவு பார்க்க அங்கே எவருமில்லை! விளைதல் நிலத்தின் தொழில். விளைச்சல், விளைநிலம் அதன் சுற்றம். விலை என்பது வில் என்னும் வினையிலிருந்து வந்தது. விற்றான், விற்பனை என்று றகரம் வருவதே அதன் லகரத்துக்குச் சான்று. விழைதல் என்பது விரும்புதல். நல்ல விளைச்சலுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டுமென்று உழவர் விழைகிறார். இம் மூன்று சொற்களிலும் ஓர் உழவர் குடும்பத்தின் ஆண்டு முழுவதும் அடங்கியிருக்கிறது. அதனை அறிந்த பிள்ளை இவற்றை மாற்றி எழுதாது.

இனி வாவிக்கு வருவோம். வலை என்றால் மீன் பிடிப்பது. வலைஞர் அதன் உறவினர். வளை என்றால் நண்டு ஒளியும் பொந்து. வளைதல், வளைவு, வளையல் அதன் உறவினர். கரை என்றால் நிலத்தின் ஓரம். கறை என்றால் அழுக்கு, அது கறுப்பின் உறவு. இரை என்பது கொக்குத் தேடுவது. இரைப்பை அதன் உறவு. இறைத்தல் என்பது கிணற்றிலிருந்து நீரை அள்ளுதல். அலை வாவியில் எழுவது, அழைத்தல் கூப்பிடுதல். வாவியில் செல்லும் தோணிக்கு மூன்று சுழி. அதில் அகப்படும் இறாலுக்கு வல்லின றகரம்.

நம் ஊர்ப் பெயர்கள் இன்னும் சிறந்த ஆசிரியர்கள். கதிரவன் எழும் திசையில் உள்ளது எழுவான்கரை. அவன் படும் திசையில் உள்ளது படுவான்கரை. எழுதல் என்னும் வினையை அறிந்தவர் எழுவானின் ழகரத்தை மறவார். குருக்கள்மடத்தில் இருப்பது இடையின ரகரம். குரு என்பது ஆசான். குறுமண்வெளியில் இருப்பது வல்லின றகரம். குறுமை என்பது சிறுமை. துறைநீலாவணையில் இருப்பது துறை, துறைமுகத்தின் உறவு. அதனைத் 'துரை' என்று எழுதினால் பழைய காலத்து வெள்ளைக்காரத் துரை வந்து அமர்ந்துகொள்வார். வாழைச்சேனையை 'வாளைச்சேனை' ஆக்கினால் வாழைத் தோட்டம் மறைந்து வாளை மீன் துள்ளும். பெரியகல்லாற்றின் லகரத்தை ளகரமாக்கினாலோ, கல் போய்க் கள் வந்துவிடும்; அவ்வூரார் நம்மை மன்னிக்கமாட்டார்!

துன்பமும் சில சொற்களை நமக்குக் கற்பித்திருக்கிறது. 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை முதியோர் எவரும் மறந்திலர். அச் சொல்லைச் 'சூராவளி' என்றும் 'சூறாவலி' என்றும் எழுதுவோருண்டு. அதன் பின்பாதி வளி; வளி என்றால் காற்று; வளிமண்டலம் அதன் உறவு. வலி என்றால் நோவு, வலிமையும் அதுவே, தோணியில் துடுப்பு வலித்தலும் அதுவே. வழி என்றால் பாதை. அன்று வளி வந்தது, வலி தந்தது, வழிகளை மரங்கள் மறித்தன. ஆழிப்பேரலை என்னும் சொல்லும் இத்தகையதே. ஆழி என்றால் கடல். ஆழம் என்பதை நினைத்தால் ழகரம் தானே வரும். ஆளி என்று எழுதினால் சிங்கமாகிவிடும். ஆண்டுதோறும் மாரியில் நாம் காண்பது வெள்ளம்; வெல்லமோ இனிக்கும்.

ஆசிரிய நண்பர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, ஒரு நாளில் ஒரு சொல்லையே அதன் சுற்றத்தோடு கற்பியுங்கள். அதன் இணைச்சொல்லைச் சில நாட்கள் கழித்து, முன்னது வேரூன்றிய பின்னர் அறிமுகம் செய்யுங்கள். இரண்டாவது, சொல்வதெழுதலில் தனிச்சொல்லைக் கொடாமல் முழு வசனத்தைக் கொடுங்கள். தனியே 'கரை' என்று கேட்ட பிள்ளைக்கு எதனை எழுதுவதென்று தெரியாது. 'தோணி கரையை அடைந்தது' என்றால் தெரியும். மூன்றாவது, பிள்ளையின் வீட்டுப் பேச்சைப் பழியாதீர்கள். 'மளை பெய்யுது' என்று சொல்லும் பிள்ளைக்கு, 'ஆம், மழை பெய்கிறது' என்று மறுமொழி கூறினாற் போதும். செவி தானே வேறுபாட்டை வாங்கிக்கொள்ளும். வீட்டுப் பேச்சுக்கு நாணமுற்ற பிள்ளை வகுப்பிலே வாய் திறவாது. வாய் திறவாத பிள்ளைக்கு எந்த ழகரமும் வருவதில்லை.

பெற்றோர்க்கும் ஒரு சொல். நீங்கள் அதிகம் படிக்கவில்லையே என்று தயங்க வேண்டா. களையையும் களத்தையும் வலையையும் வளையையும் கையால் தொட்டு அறிந்தவர்கள் நீங்கள். அப்பா வலை பொத்தும்போதும், அம்மா நெல் புடைக்கும்போதும், அப் பொருள்களின் பெயர்களைப் பிள்ளை ஒரு கொப்பியில் எழுதட்டும். ஒவ்வொரு பெயருக்கும் கீழே அதன் உறவுச் சொற்கள் இரண்டை எழுதட்டும். எழுத்தை ஆசிரியர் திருத்துவார். பொருளை உங்களைவிட நன்றாக எவரும் விளக்க முடியாது.

இன்றிரவு உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதலாகக் கொடுப்பதற்கு மூன்று வசனங்கள் தருகிறேன். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 'கரையில் நின்றவன் வலையிலிருந்த கறையைக் கழுவினான். நண்டு வளைக்குள் ஓடியது.' இது முதலாவது. 'மாரியில் உழுத நிலம் விளைந்தது. விளைந்த நெல்லை நல்ல விலைக்கு விற்றார்கள்.' இது இரண்டாவது. 'பன்றி ஓடுவதைக் கண்ட கன்று, ஆற்றங்கரை வழியே தாயிடம் சென்றது.' இது மூன்றாவது. எழுதி முடித்ததும் பிழைகளை எண்ணிப் புள்ளியிட வேண்டா. பிழைபட்ட சொல்லின் உறவினர் யார் என்று மட்டும் பிள்ளையிடம் கேளுங்கள்.